ஆசனத்துக் கற்கள் போன வழி

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களிடம் கதை சொல்லிப் பிழைக்கிறவர்கள் எங்கள் ஊரில் எப்போதும் உண்டு. எங்கள் ஜமீனின் ரத்தின சிம்மாசனம் பொங்குமாங்கடலுக்குள் கிடக்கிறது என்பான் ஒருவன். பெரிய அருவி விழுகிற அந்தக் கிடங்குக்குள் அதை உருட்டிவிட்டார்களாம், வெயில் ஏறினால் தண்ணீருக்குள் சிவப்பாகத் தெரியுமாம். இன்னொருவன், அது வைக்கோல் வண்டியில் ஆரியங்காவு வழியாக மலையாளத்துக்குப் போனது என்பான். வண்டி ஓட்டியவனைத் தன் மாமனாருக்குத் தெரியும் என்றும் கூசாமல் சொல்வான். போன வழியில்தான் ஆளுக்கொரு பேச்சு. திருடியது அரண்மனை உக்கிராணக்காரன் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே வாய். அந்த உக்கிராணக்காரர் என் வீட்டுக்காரர்.

சும்மா இருந்து இருந்து எனக்குச் சலித்துவிட்டது. அவர் இருந்தவரை பேசாதே பேசாதே என்று என் வாயை அடைத்தார். இப்போது அடைக்க ஆளில்லை.

ஜமீன் பெயர் வேண்டாம். தென்காசியைச் சுற்றி அந்தக் காலத்தில் பெரிதும் சின்னதுமாக ஜமீன்கள் இருந்தன. எங்களுடையது சின்னதிலும் சின்னது. இருந்தாலும் குடிகள் வாயில் அவர் மகாராசாதான். உக்கிராணம், அதாவது அரண்மனைச் சாமான் அறை, அதன் சாவிக்கொத்து என் வீட்டுக்காரர் இடுப்பில் தொங்கும். அரிசி பருப்பிலிருந்து வெள்ளிக் குத்துவிளக்கு வரை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் அவர் வேலை. அங்கே ஒரு கரண்டி இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் வீட்டில் உப்புமரவை எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்.

சிம்மாசனம் என்றவுடன் நீங்கள் ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆசனம் என்றுதான் அரண்மனையில் சொல்வார்கள். தேக்கு மரம், மேலே வெள்ளித் தகடு, சாய்கிற பக்கத்தில் இரண்டு மயில்கள். மயில் உடம்பெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கல் பதித்திருக்கும். வருஷம் முழுக்க அது அரண்மனையின் உள்கட்டில், பெண்கள் பக்கத்தில், பட்டுத்துணி போர்த்தி இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் பெண்கள் அதற்கு முன்னால் விளக்கேற்றுவார்கள். விஜயதசமிக்கு முதல்நாள் அது வெளியே வரும். என் வீட்டுக்காரர் இரண்டு ஆட்களை வைத்துத் தூக்கிவந்து, துடைத்து, கொலுமண்டபத்தில் போடுவார். மறுநாள் மகாராசா அதில் உட்கார, குடிகள் வெற்றிலை பாக்கோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் பழையபடி உள்ளே போய்விடும். கும்பிட வந்தவர்கள் கிட்டே போக முடியாது. உட்கார்ந்திருப்பவருக்கோ தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அப்படித்தான் அந்த ஆசனத்தின் பெருமை தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருந்தது.

பெரிய மகாராசா காலமானார். மகனுக்குப் பட்டம் கட்ட வேண்டும். மகன் மதராசில் படித்தவர், கிராப்பு வைத்தவர், நல்ல பிள்ளை என்றுதான் பெயர். அவருடைய தாயார் அவர் தவழ்கிற வயதிலேயே போய்விட்டார். கூடப்பிறந்த பெண்கள் கிடையாது. பாட்டியாரும் இந்தப் பட்டத்துக்குச் சில வருஷம் முன்னால் கண்ணை மூடியிருந்தார். ஆக உள்கட்டில் பழைய ஆள் என்று ஒருத்தரும் இல்லை. புதிதாக வந்த மருமகள் மட்டும் இருந்தார். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் எல்லாக் கோளாறும் இதில்தான் இருக்கிறது.

பட்டாபிஷேகத்துக்கு ஆசனம் பளிச்சென்று இருக்கட்டும் என்று மதுரையிலிருந்து ஆசாரி ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு கல்லை நெம்பி எடுத்தார், அடுத்ததை எடுத்தார், பேசாமல் வைத்துவிட்டுச் சின்ன மகாராசாவைத் தனியாகக் கூப்பிட்டார். மயில் மேல் இருந்தது அத்தனையும் அரக்கில் ஒட்டிய கண்ணாடி. கோலி சோடா புட்டிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஆசனத்துக்குப் பொறுப்பான ஆம்பளை என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது. சின்ன மகாராசா பெரிய மனசு பண்ணிப் போலீசுக்குச் சொல்லாமல் விட்டார் என்று அன்றைக்கு எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். சொல்லியிருந்தாலாவது விசாரணை என்று ஒன்று நடந்திருக்கும். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, “இனிமே வர வேண்டாம்” என்றார்களாம். இவர், “நான் எடுக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. “வருசம் பூரா அது உள்கட்டுலதான கெடக்கு. நீங்க ரெண்டு நாள் தொடுதீக. அதச் சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“அதச் சொன்னா யாரு மேல கையக் காட்டுததாகும்?” என்றார். “அவுக சோத்தத் தின்னுட்டு, அவுக வீட்டுப் பொம்பளையளக் கள்ளின்னு சொல்லச் சொல்லுதியா?”

“ஒங்களக் கள்ளன்னு சொல்லுதாகள்லா?”

“நான் ஆம்பள. தாங்கிக்கிடுவேன்.”

தாங்கிக்கொண்டார். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

பட்டம் கட்டுவது நடந்தது, வேறு நாற்காலியில். ஆசனம் அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. கொலுமண்டபத்தில் காணோம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கல் களவு போனது என்ற பேச்சு, விஜயதசமி வருவதற்குள் ஆசனமே களவு போனது என்று ஆகிவிட்டது. வெள்ளித் தகடு தங்கமாயிற்று. சிவப்பும் பச்சையும் நவரத்தினமாயிற்று. இல்லை, ஆசனம் உள்ளேதான் இருக்கிறது என்று அரண்மனையிலிருந்து ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை.

நாங்கள் குற்றாலத்துக்கு வந்து சேர்ந்தோம். என் அண்ணன் அங்கே சீசனுக்கு வாடகைக்கு விடுகிற பங்களா ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்தார். வருகிறவர்களுக்கு நான் சமைத்துப் போட்டேன். இவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். கும்பலில் போகமாட்டார், தென்காசிக் கோயிலுக்குத் தேர் பார்க்கக்கூட வரமாட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். இலத்தூரில் நல்ல இடம் ஒன்று பேசி, பாக்கு வெற்றிலை மாற்ற நாள் பார்த்திருந்தோம். பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது, வாயால் சொல்லவில்லை, ஆனால் இலத்தூர் வண்டி போனால் தலை திரும்பும். குற்றாலம் வந்த கொஞ்ச நாளில் அவர்களிடமிருந்து ஆள் வந்தது. “பொண்ணக் குறை சொல்லல. பேருதான் கொஞ்சம் அடிபடுது. அது தெளிஞ்சா பாப்போம்” என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மகள் துணி துவைக்கிற கல்லுக்குப் போய் ரொம்ப நேரம் துவைத்தாள். திரும்பி வந்து, “நான் அழுதேன்னு அப்பாகிட்ட சொல்லிராத” என்றாள்.

பெயர் தெளிந்தால் பார்ப்போம் என்றார்களே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருஷம் நான் உயிரோடு இருந்தேன்.

மறு வருஷச் சாரல் சீசனுக்குப் பங்களாவை எடுத்துக்கொண்டு வந்தவர் வடக்கே ஒரு ஜமீன் வீட்டு நாச்சியார். கோஷாப் பெண்கள், அந்நிய ஆண்கள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். பங்களா வாசலில் படுதா, காரில் படுதா, அருவிக்குப் போனால் அங்கேயும் படுதா. கூட வந்த வேலைக்காரிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டும் என்று அண்ணன் என்னை அனுப்பினார். நாச்சியார் பெரிய மகாராசாவின் தங்கை என்பது எனக்குத் தெரியாது. நான் யார் என்பது அவருக்கும் தெரியாது. பங்களாக்காரர் தங்கை என்று சொல்லியிருந்தது.

சிற்றருவியில் ஆட்களை விலக்கி, இரண்டு பக்கமும் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். அருவிக்குள் தலையைக் கொடுக்கும் முன்னால் பெண்கள் நகையைக் கழற்றிவிடுவார்கள். அடிக்கிற தண்ணீர் திருகாணியை எப்போது பிடுங்கும் என்று சொல்ல முடியாது. நாச்சியார் கழற்றிய ஒவ்வொன்றையும் என் முந்தானையில் முடிந்துகொண்டேன். கடைசியில் ஒற்றைச் சிவப்புக்கல் மூக்குத்தி ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதத் தனியா முடிஞ்சுக்க, ஏளா. கடையில வாங்கினது இல்ல. எங்க பொறந்த வீட்டு ஆசனத்துக் கல்லு.”

எனக்கு அருவிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. எந்த வீடு என்று கேட்டேன். சொன்னார். எங்கள் ஜமீன்தான்.

“ஆசனத்துக் கல்லு மூக்குக்கு எப்படி வந்துச்சு நாச்சியார்?”

அவர் தலையை என் கைக்கு வாகாகச் சாய்த்துக்கொண்டு, சர்வ சாதாரணமாகச் சொன்னார். “எங்க வீட்டு வழக்கம் அது. ஆம்பளைக்கு ஆசனம், பொண்ணாப் பொறந்தவளுக்கு அதுல ஒரு கல்லு. கல்யாணம் ஆகிப் போறப்ப ஆத்தாகாரி எடுத்துக் குடுப்பா. எங்க அத்தைமாரு, அவுகளுக்கு மூத்தவுக, அத்தன பேருக்கும் மூக்குலயும் காதுலயும் அதுதான். எடுத்த எடத்துல கண்ணாடியப் பதிச்சிருவாக. எனக்குக் குடுக்கும்போதே இது ஒண்ணுதான் நெசக்கல்லு மிச்சம்னு எங்க ஆத்தா சொன்னா.”

“மகாராசாவுக்குத் தெரியாதா?”

“ஆம்பளையளுக்கு என்ன தெரியும்? உக்காருததோட சரி. இப்ப அந்த ஆசனத்தையே எவனோ தூக்கிட்டுப் போயிட்டானாம்லா. கேட்டதுலயிருந்து எனக்கு மனசே சரியில்ல.”

கோஷா வீட்டுக்குள் எட்டிய சேதி அவ்வளவுதான். கல்லைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆசனமே போய்விட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஊரார் ஒன்றைப் பத்தாக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால், அந்த அம்மாள் அன்றைக்கே விஷயத்தைச் சொல்லியிருப்பார். கதை கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

“தூக்கிட்டுப் போனவன்னு சொல்லுதாகளே, அவரு என் வீட்டுக்காரருதான் நாச்சியார்” என்றேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. மதுரை ஆசாரி, சாவிக்கொத்து, இலத்தூர்ப் பையன், துணி துவைக்கிற கல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எண்ணெய்த் தலையோடு எழுந்து அருவிக்குள் போனார். குளித்து முடித்து மற்ற நகைகளைப் போட்டுக்கொண்டார். மூக்குத்தியை மட்டும் வாங்கவில்லை.

“இத ஒம் பொண்ணு மூக்குல போடு. யாரும் கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு. மருமகன்கிட்ட, அதான் ஒங்க சின்ன மகாராசாகிட்ட, நான் சொல்லுதேன்” என்றார்.

நான் பங்களாவுக்குப் பின்பக்கம் ஓடிவந்தேன். வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லி, கல்லை அவர் கையில் வைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “நல்ல கல்லு” என்றார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அது வந்தது, வந்த சுருக்கில் போய்விட்டது.

“இதப் போட்டுக்கிட்டு அவ இலத்தூருக்குப் போனா, பாத்தவன் என்ன சொல்லுவான்?” என்றார்.

“நாச்சியார் குடுத்தாகன்னு சொல்லுவோம்.”

“நாச்சியார் வந்து சாட்சி சொல்லுவாகளா? படுதாவ விட்டு வெளிய வருவாகளா? திருடின கல்லு திருடன் வீட்டுல இருக்குன்னு சொல்லுவான். அதுக்கு மேல ஒரு வார்த்த வேண்டாம்.”

“அவுக மருமகன்கிட்ட சொல்லுதேன்னாக.”

“சொல்லட்டும். சொன்னா நல்லதுதான். ஆனா இது இங்கன இருக்கக் கூடாது.” கல்லைத் துணியில் பொதிந்தார். “அந்த ஆசனத்துக் கல்லு ஒண்ணுகூட இந்த வீட்டுல இல்லன்னு இன்னைக்கு வரைக்கும் தல நிமிந்து சொல்லிக்கிட்டிருக்கேன். நாளைக்கு எப்படிச் சொல்லுவேன்?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பங்களா வாசலுக்குப் போய், அண்ணன் மூலமாக வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பினார். நாச்சியார் வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் வந்தது. இரண்டொரு நாளில் படுதா கட்டிய கார் புறப்பட்டுப் போயிற்று. போகும்போது எனக்கு ஒரு சேலையும் பழமும் வந்தது. சொல் ஒன்றும் வரவில்லை.

என் மதினிக்கு இது தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “பொண்ணுக்குன்னு குடுத்ததத் திருப்பலாமா? குடுத்தவள வாசல்ல வச்சு வெரட்டினாப்பல ஆச்சே. அதுவும் பொறந்த வீட்டுச் சீதனம். இனிமே அவுக வாயத் தொறப்பாகளா?” என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தான். பெண்ணுக்குக் கொடுத்த நகை திரும்பி வந்தால், அந்தப் பெண்ணே வாழாமல் திரும்பி வந்ததற்குச் சமானம். நகையைத் திருப்புகிறவன் உறவை வெட்டுகிறவன். இவர் அதை நினைக்கவே இல்லை. உக்கிராணம் பார்த்த புத்தி. ஒரு சாமான் வந்தால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மதினி சொன்னதைக் கேட்டு அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

காத்திருந்தோம். சாரல் முடிந்தது, ஐப்பசி மழையும் முடிந்தது. அரண்மனையிலிருந்து ஒரு நாயும் வரவில்லை. இலத்தூர்ப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று தை மாதம் தெரிந்தது. மகளைக் கடையத்தில் மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். அவருக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தார்கள். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். அவள் வில்வண்டியில் ஏறும்போது இவர் கிட்டேயே வரவில்லை. வாழைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் இருந்த வருஷங்களில் இதைப் பற்றி அவராகப் பேசினது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மகளிடமிருந்து கடிதம் வந்த நாளில், சும்மா இருக்கும்போது. “நான் அந்தக் கல்லத் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது.” கள்ளன் என்ற பெயரைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தன் கையால் மகள் வாழ்க்கையைக் கெடுத்தோம் என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

ஆசனம் பொங்குமாங்கடலுக்கும் போகவில்லை, ஆரியங்காவுக்கும் போகவில்லை. உள்கட்டில் ஒரு மூலையில் கிடந்தது. வெள்ளியை உரித்துக்கொண்டு மரத்தைப் போட்டுவைத்தார்கள், அதைக் கரையான் தின்றது, மிச்சம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. அங்கே பாத்திரம் தேய்த்தவள் சொன்னாள். கல் மட்டும்தான் நல்லபடியாகப் பிழைத்தது. அது எந்தெந்த ஊரில் யார் யார் மூக்கில் இருக்கிறதோ.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். சீமெண்ணெய் கிடைக்காது, சீசனுக்கு ஆள் வராது. இவர் காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்து, ஒரு காலை வேளையில் போய்விட்டார். மகளும் மருமகனும் கடையத்திலிருந்து வந்தார்கள். தூக்குவதற்கு முன்னால் வாசலில், பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடுகிற கரிவாயுக் கார் ஒன்று புகைந்துகொண்டு வந்து நின்றது. சின்ன மகாராசா இறங்கினார். அவருக்கும் முடி நரைத்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது.

தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இவர் காலடியில் நின்றார். கொண்டுவந்த பட்டுத்துணியை விரித்துப் போர்த்தினார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். “இவரு ஒரு கல்லும் எடுக்கல. அதெல்லாம் எங்க வீட்டுப் பொண்ணுகளுக்குப் போனது. எனக்குத் தெரியும்.”

மகள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் அப்படி நான் அதற்கு முன்னால் பேசினதில்லை.

“எப்பத் தெரியும்?” என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். “அந்தச் சாரலுக்கே தெரியும். அத்தை ஊருக்குப் போற வழியில அரண்மனைக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனாக. என் பாட்டன் காலத்துலயிருந்து கண்ணாடியில உக்காந்திருந்தோம்னு நான் எப்படி வெளிய சொல்லுவேன்?”

“கல்லத் திருப்பிட்டோம்னு அவுகளுக்குக் கோவம் இல்லையா?”

“கோவமா? அத வச்சுத்தான் அத்தை என்னக் கேட்டாக. குடுத்த கல்லையே திருப்பிக் குடுத்தவன் எப்படிலே களவாண்டிருப்பான்னு.”

அவர் இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நேற்று வந்திருக்கக் கூடாதா இந்த மனிதர், முந்தாநாள் வந்திருக்கக் கூடாதா, காய்ச்சல் இருந்தாலும் இவருக்குக் காது நன்றாகக் கேட்டதே என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. நான் இவர் தலைமாட்டில் உட்கார்ந்து, குனிந்து, காதோடு வாயை வைத்துச் சொன்னேன். நீங்க திருப்பிக் குடுத்தது சரிதான், அதனாலதான் அவுக நம்புனாக, அன்னைக்கே சொல்லிட்டாகளாம், உங்க மேல தப்பே இல்ல என்று சொன்னேன். கேட்காதோ என்று மறுபடியும் உரக்கச் சொன்னேன். நான் ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பெண்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள்.